மாம்போ: சொல் விளக்கம்

மாம்போ என்றால் கியூபா நாட்டு நடனம் என்று சொல்வது வழக்கம். அது பாதி விளக்கம்தான். நடனத்துக்கு முன்பே அது இசையின் பெயர். இசைக்கும் முன்பு அது பேச்சு.

சொல்லின் வேரை ஆய்வாளர்கள் பலர் காங்கோ மக்களின் கிகோங்கோ மொழியில் காண்கிறார்கள். அங்கே ‘மாம்பு’ என்றால் விஷயங்கள், பேச்சு, வழக்கு. அதன் உறவு மொழியான சுவாஹிலியில் இன்றும் இளைஞர்கள் சந்தித்தால் “மாம்போ?” என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். நாம் “என்ன சங்கதி?” என்று கேட்பதேதான். கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு இந்தச் சொல்லும் கியூபாவுக்குக் கப்பலேறியது. அங்கே காங்கோ மரபிலிருந்து வந்த பாலோ வழிபாட்டில் ஆவிகளை அழைத்துப் பாடும் பாட்டுக்கு மாம்போ என்று பெயர்.

1938இல் ஒரெஸ்தெஸ் லோபெஸ் என்ற இசைக்கலைஞர், தான் எழுதிய ஒரு தான்சோனுக்கு ‘மாம்போ’ என்று பெயர் வைத்தார். தான்சோன் என்பது ஜோடியாக ஆடும் நிதானமான நடன இசை. அதன் கடைசிப் பகுதியைத் தளர்த்தி, ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கவிட்டார்கள். பிறகு கியூபப் பியானோ கலைஞர் பெரெஸ் பிராடோ மெக்சிகோவில் அதை டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும் பெரிய இசையாக்கினார். உலகம் அறிந்த மாம்போ இதுதான்.

அந்த மாம்போவுக்குக் குரல் கொடுத்தவர்களில் முதன்மையானவர் பெனி மோரே. 1919இல் லாஹாஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். வீட்டில் 18 பிள்ளைகள், இவர்தான் மூத்தவர். கியூபாவில் அடிமை முறை ஒழிந்தது இவர் பிறப்பதற்கு 33 ஆண்டுகள் முன்பு, 1886இல்தான். அந்த ஊரில் காங்கோ வம்சத்தினருக்குத் தனியாக ஒரு சங்கம் இருந்தது. அங்கே யூகா, மாகுத்தா மேளங்களைக் கேட்டும் வாசித்தும் வளர்ந்தார். நாகரிகப் பெயராக மற்றவர்களுக்கு வந்து சேர்ந்த மாம்போ, இவருக்கு ஊர்ச்சொல்.

பிழைப்பு மட்டும் எளிதாக அமையவில்லை. 1936இல் ஹவானா போய், அடிபட்ட பழங்களையும் மூலிகைகளையும் விற்றார். ஊர் திரும்பிக் கரும்பு வெட்டினார். அந்தக் கூலியில் ஒரு நல்ல கிட்டார் வாங்கிக்கொண்டு, 1940இல் மறுபடியும் ஹவானா. மதுக்கடைகளில் பாடிக் காசு சேர்த்தார். வானொலிப் போட்டி ஒன்றில் பாட ஆரம்பித்ததுமே மணி அடித்து இறக்கிவிட்டார்கள். அடுத்த முறை போய் முதல் பரிசு வாங்கினார். அப்புறம் இசைக்கலைஞர் மிகேல் மாதாமோரோஸின் குழுவில் சேர்ந்து, 1945இல் அவர்களோடு மெக்சிகோ போனார். குழு ஊர் திரும்பியது, இவர் தங்கிவிட்டார். இயற்பெயர் பார்த்தோலோமே, சுருக்கமாக பார்த்தோலோ. மெக்சிகோவில் அது கழுதையைக் கூப்பிடும் பெயராம். அதனால் பெனி ஆனார். பிராடோவோடு செய்த ஒலிப்பதிவுகள் அவருக்கு ‘மாம்போ இளவரசர்’ என்ற பட்டத்தைத் தந்தன.

சரி, தமிழில் என்ன சொல்வது? சொல்லின் பொருளுக்கு ‘சங்கதி’ அருமையாகப் பொருந்துகிறது. அது செய்தியையும் குறிக்கும். கர்நாடக இசையில் ஒரே வரியை மெருகேற்றி மெருகேற்றிப் பாடும் முறையையும் குறிக்கும். வடமொழி வழி வந்த சொல்தான் என்றாலும், நம் பேச்சில் ஊறிப்போனது. ஆனால் இசைவகைக்கு அதைச் சூட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். ‘மாம்போ’ என்றே எழுதுவோம். ‘துள்ளல் நடனம்’ போன்ற ஆக்கங்கள் வேண்டாம், அவை காங்கோவையே அழித்துவிடுகின்றன.

பெனி மோரேயைத் தமிழில் ‘இசைக்குழுத் தலைவர்’ என்பது சரி. ‘இசைக்குறிப்பு எழுதுபவர்’ என்ற பொருளில் எதையும் சேர்க்க வேண்டாம். 1953இல் அவர் தன் சொந்தப் பெருங்குழுவைத் தொடங்கியபோதும் அவருக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு வாத்தியமும் வாசிக்க வேண்டியதை வாயால் பாடிக்காட்டுவார். டிராம்போன் கலைஞர் ஹெனெரோசோ ஹிமேனெஸ் போன்றவர்கள் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்வார்கள்.