பங்காளியா, பலகாரமா?

பெங்களூர் அல்சூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் கூடத்தில் ஒரு நாலடி மீன் தொட்டி இருக்கிறது. அதில் முதல் நாள் விட்டது இரண்டங்குல ஆஸ்கார் மீன் குட்டி ஒன்றும் நியான் டெட்ரா என்ற பொடிமீன்கள் எட்டும். “எல்லாம் குட்டிதானே அண்ணா, ஒண்ணும் பண்ணாது” என்று கடைத் தம்பி சொன்னார். நானும் தலையாட்டினேன். மூன்று மாதத்தில் ஆஸ்கார் அரை அடியை நெருங்கியது. டெட்ராக்கள் ஏழாயின, ஐந்தாயின, மூன்றாயின. செத்து மிதக்கவும் இல்லை. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், கல்லைப் புரட்டிப் பார்த்தேன். காப்பி டம்ளரோடு வந்த மனைவி தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எதுக்கு ஃபில்டரக் குடையறீங்க? அவன் வயித்தப் பாருங்க” என்றாள்.

சரி, வாய்க்கு அடங்காத மீனாக வாங்குவோம் என்று அடுத்து ஒரு கிரீன் டெரர் வாங்கி வந்தேன். ஏறக்குறைய ஆஸ்கார் அளவே இருந்தது. விழுங்க வழியே இல்லை. இரண்டே நாளில் அதன் வால் கந்தலாகி, ஹீட்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றது. சிறியது விட்டால் தின்கிறது, பெரியது விட்டால் அடிக்கிறது. அப்படியானால் எதைத்தான் விடுவது? எந்த மீன் சாது, எந்த மீன் முரடு என்று பட்டியல் பார்த்து இதற்கு விடை கிடைக்காது. ஆஸ்காரும் கிரீன் டெரரும் சிக்லிட் என்ற மீன் குடும்பம். அந்தச் சிக்லிட்டின் கண்ணுக்குப் புது மீன் என்னவாகத் தெரிகிறது என்று பார்க்க வேண்டும்.

சிக்லிட் ஒன்றும் நமக்கு அந்நியக் குடும்பம் இல்லை. ஏரியில் வலை போட்டால் விழும் ஜிலேபிக் கெண்டை ஒரு சிக்லிட்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. கேரளத்துக்காரர்கள் வாழையிலையில் பொரிக்கும் கரிமீனும் சிக்லிட், தொட்டிகளில் ஒயிலாகத் திரியும் ஏஞ்சலும் சிக்லிட். இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் மட்டும் 1,700-க்கு மேல். இந்தப் பெரிய குடும்பத்துக்குப் பொதுவான இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடை. இன்னொன்று, பிள்ளை வளர்க்கும் பழக்கம். என் டெட்ராக்கள் போன வழிக்கு முதலாவது காரணம். கிரீன் டெரர் அடி வாங்கியதற்கு இரண்டாவது காரணம்.

முதலில் தாடை. நமக்குக் கடிப்பதும் மெல்லுவதும் ஒரே தாடையின் வேலை. சிக்லிட் அதைப் பிரித்துக்கொண்டது. இரையைப் பிடிப்பது முன்தாடை, நொறுக்குவது தொண்டைத் தாடை. சிக்லிட்களின் இந்த அமைப்பை விரிவாக ஆராய்ந்து, அவை இவ்வளவு வகையாகப் பெருகியதற்கு இதுவே பெரிய காரணம் என்று 1973-இல் கேரல் லியம் என்ற உயிரியலாளர் எழுதினார். மெல்லும் வேலை இல்லாத முன்தாடை இரை பிடிப்பதற்கென்றே வளைந்துகொடுக்கலாம். ஆஸ்காருக்குத் தீனி போடும்போது கிட்டப் போய்ப் பாருங்கள். உதடு சற்று முன்னே நீள்கிறது. வாய்க்குள் திடீரென்று இடம் அகல்கிறது. தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடுகிறது. கண் இமைத்தால் பார்க்க முடியாது. அப்புறம் செவுள் மூடி மெல்ல அசையும். உள்ளே தொண்டைத் தாடை அரைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். துரத்தல் இல்லை, சண்டை இல்லை, கோபமும் இல்லை. அதனால்தான் காலையில் எண்ணும்போதுதான் குறைவது தெரிகிறது.

ஆகவே பலகாரம் ஆகுமா என்று பார்க்க, மீனின் நீளத்தை அளந்து பயனில்லை. உடம்பின் உயரத்தை, அதாவது முதுகிலிருந்து வயிறுவரை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒல்லியான நாலங்குல மீன் உள்ளே போய்விடும். தட்டுபோல அகன்ற நாலங்குல சில்வர் டாலர் மீன் போகாது. அளக்கும்போது கடையில் இருக்கும் வாயை அளக்காதீர்கள். ஆஸ்கார் ஒரு அடிக்கு வளரும் மீன். ஒரு வருடம் கழித்து இருக்கப்போகும் வாயைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதிலும் ஒரு விதிவிலக்கை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பாசி தின்னட்டும் என்று மூன்றங்குல சக்கர் மீன் ஒன்றை விட்டிருந்தேன். நம் ஊர்களில் டேங்க் கிளீனர் என்பார்களே, அதுதான். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவன், ஆஸ்கார் வாயைத் திறந்தபடியே நிற்பதைப் பார்த்தேன். வாய்க்கு வெளியே சக்கரின் வால் மட்டும் தெரிந்தது. கெளுத்திக் குடும்பத்து மீன்களுக்கு மார்புத் துடுப்பின் முன்னே கெட்டியான முள் உண்டு. பயந்தால் அதை விரித்து, அடி மூட்டில் பூட்டுப் போட்டதுபோல் நிறுத்திக்கொள்ளும். இழுத்தால் மடங்காது. கையில் கெளுத்தி முள் குத்தியவர்களுக்கு அந்தப் பூட்டின் பலம் தெரியும். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்ற ஆஸ்காரை ஈரத்துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நகவெட்டியால் ஒரு பக்கத்து முள்ளைக் கத்தரித்துத்தான் சக்கரை வெளியே எடுத்தேன். ஆஸ்கார் பிழைத்தது, சக்கர் பிழைக்கவில்லை. சக்கர் வேண்டுமென்றால் ஏழெட்டு அங்குலம் வளர்ந்ததாக வாங்குங்கள். பிக்டஸ் போன்ற சின்ன முள் கெளுத்திகளை ஆஸ்காரோடு விடவே விடாதீர்கள்.

இனி பங்காளி விவகாரம். பெரும்பாலான மீன்கள் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தம் வழியே போய்விடும். சிக்லிட் அப்படியில்லை. ஆஸ்கார் ஜோடி தட்டையான கல்லொன்றைத் தேர்ந்தெடுத்து, வாயால் தேய்த்துச் சுத்தம் செய்து, ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். துடுப்பால் விசிறிக்கொண்டே இரண்டும் காவல் இருக்கும். குஞ்சு பொரித்த பிறகும் காவல் தொடரும். பிள்ளை வளர்க்க இடம் வேண்டும். இடத்தைப் பிடித்தால் காப்பாற்ற வேண்டும். அந்த இடத்துக்குப் போட்டிக்கு யார் வருவார்? அதே கல்லை, அதே தீனியை, அதே ஜோடியைத் தேடுகிற மீன்தான் வரும். தன் சாயலில் இருக்கிற மீன்.

நம் ஊரிலும் கதை இதுதான். வரப்புத் தகராறு எப்போதும் பங்காளியோடுதான். ஊருக்குள் வந்துபோகிற வளையல்காரரோடு யாரும் வரப்புக்காக மல்லுக்கட்டுவதில்லை, அவருக்கு அந்த நிலத்தில் பங்கு இல்லை. ஆஸ்காரும் கிரீன் டெரரும் தென்னமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த, அகன்ற உடம்புக்காரச் சிக்லிட்கள். இரண்டும் தரையோரத்தில் இடம் பிடிப்பவை, கிடைத்ததைத் தின்பவை. அதாவது அசல் பங்காளிகள். ஆப்பிரிக்காவின் தாங்கனிகா ஏரியில் பாசி மேயும் சிக்லிட்களும், அதே பாசிக்கு வருகிற மீனைத்தான் மும்முரமாகத் துரத்துகின்றன.

ஆற்றில் இந்தச் சண்டை பெரும்பாலும் ரத்தமில்லாமல் முடியும். துடுப்பை விரித்துப் பக்கவாட்டில் உடம்பைக் காட்டும், வாலால் தண்ணீரை அடித்து எதிரிமேல் அலை அனுப்பும், வாயோடு வாய் கவ்வித் தள்ளிப் பார்க்கும். தோற்கப்போவது தெரிந்ததும் ஒன்று துடுப்பை மடக்கி, நிறம் மங்கி, இடத்தைக் காலி செய்துவிடும். தொட்டியில் எங்கே காலி செய்வது? நாலடி தள்ளிக் கண்ணாடி நிற்கிறது. போகாத மீன், ஜெயித்த மீனின் கணக்கில் தோல்வியை ஒப்புக்கொள்ளாத மீன். மறுபடி அடி விழுகிறது, மறுபடியும் அது அங்கேயே நிற்கிறது. முரட்டு மீன் என்று நாம் சொல்வதில் பாதி, கண்ணாடி செய்கிற வேலை என்பது என் கட்சி. அமெரிக்க உயிரியலாளர் ரொனால்ட் ஓல்ட்ஃபீல்ட் மைடஸ் சிக்லிட்டை வைத்து 2011-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பக்கம்தான் நிற்கிறது. வீட்டுத் தொட்டி அளவு இடத்தில் அடித்துக்கொண்ட மீன்கள், மிகப் பெரிய, கல்லும் மறைவுமாகச் சிக்கலான இடத்தில் குறைவாகவே மோதின.

சிக்லிட்கள் சண்டை போடுவதோடு விடுவதில்லை, வேடிக்கையும் பார்க்கும். 2007-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க பர்டோனி சிக்லிட்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஐந்து ஆண் மீன்கள் இரண்டிரண்டாக மோதின. முதலாவது இரண்டாவதை ஜெயித்தது, இரண்டாவது மூன்றாவதை, இப்படியே கடைசிவரை. இதைத் தடுப்புக்கு அப்பாலிருந்து இன்னொரு மீன் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, நேருக்கு நேர் மோதியே இராத இரண்டாவதையும் நான்காவதையும் அதன் இரு பக்கத்திலும் காட்டினார்கள். பார்த்த மீன், பலம் குறைந்த நான்காவது பக்கமே ஒதுங்கியது. யார் யாருக்கு மேல் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தது என்றுதானே இதற்குப் பொருள்? இப்படிப்பட்ட மீன் மாதக்கணக்கில் தனியாக ஆண்ட தொட்டியில், பாலித்தீன் பையில் குலுங்கி வந்து திகைத்து நிற்கும் ஒரு புது மீனை விட்டால் என்ன ஆகும்? முதல் நிமிடத்திலேயே அதன் தரம் முடிவாகிவிடும்.

எனவே முடிந்தால் அடாவடி மீனைக் கடைசியில் விடுங்கள். அது ஏற்கெனவே உள்ளே இருந்தால், ஒரு மணி நேரம் வெளியே எடுத்து வாளியில் வையுங்கள். கல், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள். புது மீனை விட்டு, விளக்கை அணைத்து, அதன் பிறகு பழைய மீனை விடுங்கள். அடையாளம் மாறிய தொட்டியில் இரண்டுமே புதுக்குடித்தனம். இரண்டாவது ஆஸ்காரை நான் இப்படித்தான் சேர்த்தேன். ஒரு வாரம் உரசிக்கொண்டன, வால் கிழியவில்லை.

பலகாரமும் இல்லை, பங்காளியும் இல்லை என்கிற மூன்றாவது வகைதான் நாம் தேடுவது. என் ஓட்டு சில்வர் டாலருக்கு. ஐந்தாறாகச் சேர்த்து விடுங்கள். தட்டு உடம்பு, இலைதழை தின்னும் வாய், நடுத்தண்ணீரில் கூட்டமாகத் திரியும் பழக்கம். கல்லும் வேண்டாம், குழியும் வேண்டாம். டின்ஃபாயில் பார்பும் நல்லதுதான், ஆனால் அதுவும் ஒரு அடிக்கு வளரும், ஆறடித் தொட்டிக்காரர்களுக்கே சரி. இந்தக் கூட்டத்தால் இன்னொரு லாபமும் உண்டு. மேலே மீன்கள் நிதானமாகத் திரிந்தால், கொக்கோ பெரிய மீனோ பக்கத்தில் இல்லை என்று சிக்லிட் எடுத்துக்கொள்கிறது. மூலையில் பதுங்காமல் வெளியே வருகிறது.

ஷார்க் என்று பெயர் சொல்லி விற்கும் பங்காசியஸ் குட்டியும், அழகான ரெட்டெயில் கெளுத்திக் குட்டியும் ஒரு மீட்டர் தாண்டும் மீன்கள். கூடத்துக்கு ஆகாது. ஆஸ்காருக்குத் தீனியாகப் போடும் கோல்டுஃபிஷ்ஷும் வேண்டாம். அதன் உடம்பில் இருக்கும் ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும். மலாவி ஏரிச் சிக்லிட்களை ஆஸ்காரோடு கலக்காதீர்கள். அவற்றுக்குக் கடின நீர் வேண்டும், சண்டையைப் பலர் மேல் பரப்பிவிட நெருக்கமாகக் கூட்டமும் வேண்டும். அது வேறு உலகம். ஃப்ளவர்ஹார்ன்? 1990-களில் மலேசியாவில் கலப்பினமாக உருவான மீன். தலைமேட்டுக்காக வாஸ்து மீன் என்று இங்கேயும் நன்றாக விற்கிறது. அதற்குத் தோது தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், தனியாக வையுங்கள். கண்ணாடிக்கு வெளியே உங்கள் விரலோடு சண்டை போட்டே அது காலத்தை ஓட்டிவிடும்.

தண்ணீரை மறந்தால் இந்தப் பொருத்தமெல்லாம் வீண். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் சுமார் 450 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே 450 கிலோ. வீட்டு ஓனரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுவது உத்தமம். பெரிய மீன் நிறையத் தின்று நிறைய அமோனியாவைக் கழிக்கும். அந்த அமோனியாவில் விஷமான பங்கு தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். அளவைப் பொறுத்தது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நூற்றில் அரைப் பங்கைச் சற்றுத் தாண்டும். 8 என்றால் நூற்றில் ஐந்துக்கு மேல். கிட்டத்தட்ட பத்து மடங்கு. பெங்களூரில் ஒரு வாரம் காவேரி, அடுத்த வாரம் போர்வெல், இடையில் லாரித் தண்ணீர் என்று சம்ப்பில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் பிடிக்கிறோம். அதனால் ஒரே நாளில் பாதித் தொட்டியை மாற்றுவதைவிட, குளோரின் நீக்கி வாரம் கால்வாசி மாற்றுவதே எனக்குச் சரிப்படுகிறது. மார்கழி ராத்திரிக் குளிருக்கு ஹீட்டர் கட்டாயம் வேண்டும். கண்ணாடி ஹீட்டர் என்றால் உறை போடுங்கள், ஆஸ்கார் கோபத்தில் தட்டி உடைக்கும்.

போன கார்த்திகையில் என் ஆஸ்கார்கள் இரண்டும் கல் தேய்க்க ஆரம்பித்தன. இரண்டாம் நாள் கல் முழுக்க முட்டை. அதுவரை சில்வர் டாலர்களைச் சீண்டாத இரண்டும் சேர்ந்து முக்கால் தொட்டியைப் பிடித்துக்கொண்டன. சில்வர் டாலர்கள் ஆறும் மேல்மூலையில் அடுக்கி வைத்த தட்டுகள்போல ஒட்டிக்கொண்டு நின்றன. நடுவில் வலைத் தடுப்பு வைத்தேன். மூன்றாம் நாள் முட்டைகள் வெளுத்துப் பூஞ்சை பிடித்தன, கரு உண்டாகவில்லை. இரண்டுமே பெண்ணோ என்னவோ, ஆஸ்காரை வெளியே பார்த்து ஆண் பெண் சொல்ல முடியாது. வெளுத்ததையெல்லாம் அவையே தின்று கல்லைக் காலி செய்தன. தடுப்பை எடுத்தேன். மறுநாள் காலை நான் தீனி டப்பாவைத் திறந்தபோது டாலர்கள் ஆறும் நடுத்தொட்டிக்கு வந்திருந்தன.