நெல் தூசி நுரையீரலுக்குள் போனால்

தை பிறந்து சம்பா அறுவடை மும்முரமாகிவிட்டால், மன்னார்குடிப் பக்கம் எந்தக் கொள்முதல் நிலையத்துக்குப் போனாலும் புழுதிதான். தூற்றும் மிஷினிலிருந்து பதரும் சுணையும் பறக்க, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு 40 கிலோ சிப்பங்களைத் தூக்குகிறார்கள். “நாலு நாள் இருமுனா சரியாப் போயிடும் தம்பி” என்றார் ஒரு பெரியவர், துண்டை அவிழ்த்தபடி. மூக்கு பட்ட இடம் மட்டும் அதில் பழுப்பாக இருந்தது. அவர் சொன்னது பெரும்பாலும் உண்மைதான். எப்படிச் சரியாகிறது?

பெரிய தூசியை மூக்கே பிடித்துவிடும். அதைத் தாண்டியது மூச்சுக்குழாயில் கபத்தில் ஒட்டும். அங்குள்ள நுண்ணிய மயிரிழைகள் அந்தக் கபத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவே உள்ள துகள்கள், குழாய் முடியும் இடத்தில் இருக்கும் காற்று நுண்ணறைகள் வரை போய்விடும். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து இவை சுமார் 30 கோடிக்கு மேல். அங்கே காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உள்ள சுவர் பல இடங்களில் ஒரு மைக்ரான்கூடக் கனமில்லை. மயிரிழைகளும் அங்கே கிடையாது.

அங்கே காவல் பார்ப்பவை மேக்ரோஃபேஜ் என்ற பெருவிழுங்கி செல்கள். ராத்திரியில் மண்வெட்டியோடு வரப்பைச் சுற்றிவருபவரை நினைத்துக்கொள்ளுங்கள். நண்டு வளையில் தண்ணீர் கசிந்தால் ஒரு கை மண் வைத்து மிதித்துவிட்டு மேலே நடப்பார். அதற்காக ஊரைக் கூட்டமாட்டார். பெருவிழுங்கியும் அறைக்கு அறை ஊர்ந்துபோய், தூசியையும் கிருமியையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். இப்படி விழுங்கும் செல்கள்தான் உடலைக் காக்கின்றன என்ற கருத்து, 1882இல் நட்சத்திரமீனின் இளம் உயிரியில் ரோஜா முள்ளைச் செருகிப் பார்த்த இலியா மெக்னிகாஃபுக்குத் தோன்றியது. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கிருமி பெருகிவிட்டால் கதை வேறு. அது கசிவல்ல, உடைப்பு. அப்போது பெருவிழுங்கி சைட்டோகைன் என்ற புரதங்களை வெளியிட்டு ஆள் கூப்பிடும். ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் திமுதிமுவென்று வந்து இறங்கும். அவை விடும் நொதிகள் கிருமியைக் கொல்லும், நம் சுவரையும் அரிக்கும். நுண்ணறையில் நீர் கோக்கும், மூச்சு திணறும். இதைத்தான் அழற்சி என்கிறார்கள்.

எனக்கு இதில் பெரிய வியப்பு, அதற்கப்புறம் நடப்பதுதான். வந்த நியூட்ரோஃபில்கள் சீக்கிரமே செத்துவிடும். அந்தச் செத்த செல்களையும் பெருவிழுங்கிதான் விழுங்குகிறது. விழுங்கியதும் அதன் குணமே மாறுகிறது: ஆள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, அழற்சியைத் தணிக்கும் புரதங்களை விடுகிறது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற இன்னொரு வகையும் கூடச் சேர்ந்துகொள்கிறது. நுண்ணறைச் சுவரில் இருக்கும் ‘இரண்டாம் வகை’ செல்கள் பெருகி, தட்டையாகப் பரவி, அரித்துப்போன சுவரை மறுபடி மூடுகின்றன.

இந்த அடங்கல் நடக்காவிட்டால்தான் ஆபத்து. பருவம் தப்பிய மழையில் நனைந்து, பூசணம் பூத்த வைக்கோல் போரைப் பிரித்தால் வெள்ளையாகப் புகைபோல் எழும்பும், பார்த்திருப்பீர்கள். அந்த நுண்வித்துகள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நாலு முதல் எட்டு மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், இருமல், மூச்சுத் திணறல் வரும். ‘உழவர் நுரையீரல்’ என்றே இந்த நோய்க்குப் பெயர். ஓரிரு நாளில் தணிந்துவிடுவதால் சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப நடந்தால் நார்ச் செல்கள் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைக் கொட்டிக்கொண்டே போகும். கொள்ளிடம் உடைத்து மணல் மூடிய வயலைப் போல, அந்த இடம் தழும்பாகி மூச்சுக்கு உதவாமல் போகும்.

வைக்கோலை நன்றாகக் காயவிட்டுப் போர் போடுங்கள். பூசணம் பிடித்ததைத் தொட்டே ஆக வேண்டுமென்றால் துண்டு போதாது, என்-95 முகக்கவசம் வேண்டும். காய்ச்சலோடு மருத்துவரிடம் போனால் போர் பிரித்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால், எக்ஸ்ரேயை மட்டும் வைத்து இந்த நோயைக் கண்டுபிடிப்பது அவருக்கும் கடினம்.