ஒரே மழை, இரண்டு கடல்

ஜப்பானின் கொபுஷி மலை 2,475 மீட்டர் உயரம். ஒட்டி நிற்கும் சன்போ மலையே இதைவிட 8 மீட்டர் கூடுதல். ஆனாலும் ஜப்பான் வரைபடத்தை விரித்தால் என் விரல் கொபுஷியில்தான் போய் நிற்கும். சைத்தாமா, யமனாஷி, நகானோ ஆகிய மூன்று மாகாணங்களின் எல்லையும் அதன் உச்சியில் சந்திக்கின்றன. முசாஷி, கை, ஷினானோ என்பவை அந்தப் பகுதிகளின் பழைய பெயர்கள். ஒவ்வொரு பெயரிலிருந்தும் ஓர் எழுத்தை எடுத்துக் கோத்துத்தான் மலையின் பெயரை எழுதுகிறார்கள்.

சரி, எல்லை ஏன் மலையுச்சியில் வந்து விழுந்தது? வீட்டுக் கூரையின் முகட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டின் மேல் விழும் துளி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து இறவாணத்தில்தான் சொட்டும். கொபுஷி மூன்று சரிவுகள் கொண்ட கூரை. ஒரே ஆற்றுத் தண்ணீரில் பயிர் வைத்து, அதே பள்ளத்தாக்கு வழியே போய்வந்தவர்கள் ஒரு நாட்டார் ஆனார்கள். முகட்டுக்கு அந்தப்பக்கம் வேறு ஆறு, வேறு நாடு.

உச்சியில் பெய்யும் மழை உடனே ஆறாக ஓடிவிடாது. பாசியிலும் காட்டு மண்ணிலும் ஊறி, பாறை இடுக்குகளில் இறங்கி, சற்றுக் கீழே ஊற்றாகக் கசியும். வடமேற்குச் சரிவில் அப்படிக் கசிவது சிக்குமா ஆறு. அது நகானோவைக் கடந்து நீகாத்தாவில் நுழைந்ததும் ஷினானோ என்று பெயர் மாறுகிறது. மொத்தம் 367 கிலோமீட்டர். ஜப்பானின் மிக நீளமான இந்த ஆறு ஜப்பான் கடலில் கலக்கிறது. கிழக்கே இறங்கும் அராகாவா 173 கிலோமீட்டர் ஓடி தோக்கியோ விரிகுடாவை அடைகிறது. தெற்கே ஃபுயெஃபுகி, கோஃபு சமவெளியில் கமனாஷியோடு சேர்ந்து ஃபுஜி ஆறாகி, சுருகா விரிகுடாவில் விழுகிறது. இந்த இரண்டும் பசிபிக் பக்கம்.

பசிபிக் அவ்வளவு கிட்டத்தில் இருக்க, ஷினானோ ஏன் சுற்றிப் போகிறது? தண்ணீருக்குத் தூரம் தெரியாது, காலடிச் சரிவு மட்டும்தான் தெரியும். உச்சியிலிருந்து கணக்குப் போட்டால் அராகாவா கிலோமீட்டருக்குச் சராசரியாக 14 மீட்டர் இறங்குகிறது. ஷினானோ 7 மீட்டர்கூட இல்லை. அராகாவா என்ற பெயருக்கே ‘முரட்டு ஆறு’ என்றுதான் பொருள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, முகடுகூட நிலையாக நிற்பதில்லை என்பதுதான். சரிவு செங்குத்தாக இருக்கும் பக்கத்தில் ஓடை வேகமாக அரிக்கும். அரித்து அரித்துத் தலைப்பகுதி மேலேறும்போது முகடு எதிர்ப்பக்கம் நகரும். மிக மிக மெதுவாக, பல ஆயிரம் ஆண்டுகளில். சில மலைகளில் ஓர் ஆறு முகட்டையே அறுத்து, அந்தப் பக்கத்து ஆற்றின் தலையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டதும் உண்டு. அப்புறம் அங்கே பெய்யும் மழை போய்ச் சேரும் கடலே வேறு.