மாரியில் ஊதும் பலகைகள்: குற்றம் பிளாஸ்டிக்கில் இல்லை

மீள்சுழற்சிப் பிளாஸ்டிக்கையும் மரத்தூளையும் உருக்கிச் சேர்த்துச் செய்த பலகை முதல் மாரியிலேயே ஊதி வெடித்துவிட்டது என்று யாழ்ப்பாணத்தில் என்னிடம் வருபவர்கள், பழைய பிளாஸ்டிக்கைத்தான் குறை சொல்கிறார்கள். நான் பலகை முறிந்த பக்கத்தைப் பார்க்கிறேன். மரத்துகள்கள் கழன்று வெறும் குழிகள் தெரிந்தால், இரண்டும் உள்ளே ஒட்டவே இல்லை.

மரம் நீரை ஈர்க்கும். இந்தப் பலகைகளில் சேரும் பிளாஸ்டிக்கான பொலிஎதிலீன் நீரை விலக்கும். இரண்டையும் பிணைக்க மலெயிக் அன்ஹைட்ரைட் ஏற்றிய பொலிஎதிலீன் வேண்டும். அதன் அன்ஹைட்ரைட் பகுதி மரத்தின் ஹைட்ரொக்சில் தொகுதிகளோடு வினைபுரியும். நீண்ட சங்கிலி பிளாஸ்டிக்கோடு பின்னிக்கொள்ளும். மொத்த எடையில் 2 முதல் 5 சதவீதம் போதும். விலையைப் பார்த்து முதலில் வெட்டப்படுவதும் இதுதான்; தயவுசெய்து இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அடுத்தது ஈரம். மரக்காலையிலிருந்து வரும் தூள் கைக்கு உலர்ந்ததுபோல் இருந்தாலும், காற்றில் காய்ந்த தூளில் பெரும்பாலும் 10 சதவீதத்துக்கு மேல் நீர் இருக்கும். உருக்கும்போது அது ஆவியாகிப் பலகைக்குள் குமிழ்களை விடும். ஏறத்தாழ 105 பாகை செல்சியசில் உலர்த்தி, ஈரத்தை 2 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து, உடனே கலக்க வேண்டும். மாரிக்காலத்தில் சாக்கில் கட்டி வைத்தால் மறுபடியும் ஈரம் ஏறிவிடும்.

200 பாகைக்கு மேல் மரம் கருகத் தொடங்கும். ஆகவே சுமார் 250 பாகையில் உருகும் தண்ணீர்ப் போத்தல்கள் இதற்கு ஆகாது. பிவிசி குழாய்த் துண்டுகளையும் கட்டாயம் பொறுக்கி எறியுங்கள். சூட்டில் அவற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைட்டு இயந்திரத்தை அரிக்கும், வேலையாட்களின் சுவாசத்தையும் கெடுக்கும்.

பனந்தும்பு சேர்த்தால் விறைப்புக் கூடும். அதைக் காரச்சோடாவில் ஊறவைத்தால் பிணைப்பும் மேம்படும். ஆனால் நமது நிலத்தடி சுண்ணாம்புக்கல். வளவில் ஊற்றிய கழிவுநீர் கிணற்றுக்கு இறங்க அதிக நேரம் எடுக்காது. அந்தக் கழிவுநீரின் காரத்தை நடுநிலையாக்க வசதியில்லாத பட்டறைகள் இதைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வாங்குபவர்கள் ஒரு துண்டை அறுத்து, எடை பார்த்து, தடிப்பை அளந்து, 24 மணிநேரம் தண்ணீரில் அமிழ்த்தி வைத்துவிட்டு, எடையும் தடிப்பும் எவ்வளவு கூடியிருக்கின்றன என்று மீண்டும் அளந்து பாருங்கள். நடுவில் அறுத்த துண்டாகவே எடுக்க வேண்டும்: அச்சில் படிந்த மேற்பரப்பைப் பிளாஸ்டிக் மூடியிருப்பதால், நீர் உள்ளே போகும் வழி அங்கே தெரியாது.