மலையேறும்போது மட்டும் மூச்சு வாங்கும் கார்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் டீசல் கார் பத்துப் பன்னிரண்டு வளைவு தாண்டியதுமே திணற ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. முன்பக்கத்திலிருந்து சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல ஒரு 'உஸ்' சத்தம். ஆனால் மலையிறங்கி சமதளத்துக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. வீட்டு வாசலில் இன்ஜினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

ஏறும்போது மட்டும் வந்து, நிறுத்தினால் மறைந்துவிடும் கோளாறு என்றால், டர்போ அமுக்கிய காற்றை ஆற வைக்கும் இன்டர்கூலரை முதலில் சந்தேகப்படலாம். காரணம் எளிது. டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் பம்பு. இன்ஜின் சும்மா ஓடும்போது அது பெரிதாக எதையும் அழுத்துவதில்லை. இன்டர்கூலருக்கு உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒரே அழுத்தம்தான். ஓட்டை இருந்தாலும் காற்று வெளியேற வேண்டிய அவசியம் இல்லை. பாரம் ஏறி டர்போ வேகமெடுத்ததும் உள்ளே அழுத்தம் இரண்டு மடங்காகிறது. ஓட்டை அப்போதுதான் வாயைத் திறக்கிறது.

இன்டர்கூலர் எதற்கு என்று கேட்டால், சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குப் பதில் கையிலேயே தெரியும். நாலைந்து தடவை வேகமாக அடித்துவிட்டுப் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும். டர்போவும் பம்புதான், ஆனால் அதன் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. 35 டிகிரியில் உள்ளே போகும் நம்மூர்க் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், எந்த இழப்பும் இல்லாத பம்பிலேயே அது 100 டிகிரியைத் தாண்டும். நிஜ டர்போவில் 130 டிகிரி அளவுக்குப் போய்விடும். சூடான காற்று விரியும், அதனால் அதே இடத்தில் குறைவான ஆக்சிஜன்தான் அடங்கும். கஷ்டப்பட்டு அமுக்கியதன் பலனில் ஒரு பகுதி இப்படி வீணாகிறது. அந்தக் காற்றை இன்ஜினுக்குள் விடுமுன் 55, 60 டிகிரிக்குக் குளிர வைத்தால், அதே அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காற்று உள்ளே போகும். இதுதான் இன்டர்கூலரின் முழு வேலை.

பார்க்க ரேடியேட்டர் மாதிரியே இருக்கும். நடுவில் வரிசையாகத் தட்டையான அலுமினியக் குழாய்கள், அவற்றுக்கு இடையில் அலையலையாக மடித்த மெல்லிய தகடுகள், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு தொட்டி. உள்ளே தண்ணீருக்குப் பதில் காற்று ஓடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-லேயே டர்போவுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் சாலையில் ஓடும் போர்ஷே 911 டர்போவுக்கு இன்டர்கூலர் வந்து சேர்ந்தது 1978 மாடலில்தான். இன்று டர்போ டீசல் கார் என்றால் கூடவே இன்டர்கூலரும் இருக்கும். பழைய ஸ்கார்ப்பியோவின் பானெட் மேல் திறந்திருக்கும் அந்த வாய், மேலே படுத்திருக்கும் இன்டர்கூலருக்குக் காற்று கொடுக்கத்தான். பெரும்பாலான கார்களில் அது பம்பருக்குப் பின்னால், சாலையில் தெறிக்கும் கல்லுக்கு நேராக இருக்கும்.

சரி, கொஞ்சம் காற்று கசிந்தால் என்ன, கொஞ்சம் பிக்கப் குறையும், மலைக்குப் போகாமல் இருந்துவிட்டால் போகிறது என்று நானும் முதலில் நினைத்தேன். அது தப்பான கணக்கு. காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு காற்று போனது என்று அது கணினிக்குச் சொல்கிறது, கணினி அதற்குத் தக்க டீசலைத் தெளிக்கிறது. வழியில் கசிந்த காற்று சென்சாருக்குத் தெரியாது. டீசல் கூடுதல், காற்று குறைவு, அதனால்தான் கரும்புகை. பின்னால் புகை வடிகட்டி இருக்கும் வண்டியில் அந்தக் கரி முழுவதும் அதில் போய் அடைகிறது. இன்ஜின் வாசலில் இருக்கும் அழுத்த சென்சாரோ, போதவில்லை, போதவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கும். உடனே கணினி டர்போவை இன்னும் வேகமாகச் சுற்ற வைக்கிறது. கசிவை ஈடுகட்ட டர்போ தன் அளவுக்கு மேல் ஓடுகிறது. ஓட்டை விழுவது இன்டர்கூலரில், தேய்ந்து சாவது டர்போ. விலையில் இரண்டுக்கும் உள்ள தூரம் டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இன்ஜின் நன்றாக ஆறியிருந்தபோது, தம்பியும் நானும் கழற்ற ஆரம்பித்தோம். முதலில் பேட்டரியின் மைனஸ் வயரை எடுத்துவிட வேண்டும். வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். அப்புறம் பம்பர். மேலே வரிசையாகக் கிளிப்புகள், கீழே சில போல்ட்டுகள், சக்கர வளைவுக்குள் பக்கத்துக்கு ஒரு ஸ்குரூ. இந்தக் கடைசி ஸ்குரூவை மறந்துவிட்டு இழுத்துத்தான் பலர் பம்பரின் காதை உடைக்கிறார்கள். இழுக்கும் முன் பனி விளக்கின் வயரையும் கழற்றுங்கள். இன்டர்கூலருக்கு முன்னாலோ பக்கத்திலோ ஏசி கண்டன்சர் இருக்கும். அதன் குழாய்களில் மட்டும் கை வைக்க வேண்டாம், உள்ளே வாயு அழுத்தத்தில் இருக்கிறது. தாங்கிகளைத் தளர்த்தி மெல்ல நகர்த்தினாலே போதும்.

ஹோஸ்களைக் கழற்றியதும் இன்ஜின் பக்கத்து வாயைச் சுத்தமான துணியால் அடைத்தோம். தம்பி துணிகளை எண்ணி ஒரு தாளில் எழுதி வைத்தான். திரும்ப மாட்டும்போது அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். இன்டர்கூலரைச் சாய்த்தபோது ஒரு டீஸ்பூன் அளவு எண்ணெய் வடிந்தது. அதற்குப் பயப்பட வேண்டாம், இன்ஜினின் மூச்சுக்குழாய் வழியாக வரும் எண்ணெய் ஆவி அப்படிப் படிவது சகஜம். அரை டம்ளர் வடிந்தால் விஷயம் வேறு. டர்போவின் சீல் போயிருக்கலாம், தேங்கிய எண்ணெயை டீசல் இன்ஜின் உறிஞ்சிக்கொண்டால் சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வெறி பிடித்து ஓடும்.

முன்பக்கத்தில் ஒரு கல் அடித்த பள்ளம், சுற்றிலும் நசுங்கிய தகடுகள். ஓட்டை அங்கேதான் என்று முடிவே கட்டிவிட்டேன். நாமக்கல் லாரி ஊர், ரேடியேட்டர் கடைக்குப் பஞ்சம் இல்லை. நான் தூக்கிக்கொண்டு போன கடைக்காரர் என் விரல் காட்டிய இடத்தைப் பார்க்கவே இல்லை. "தொட்டில முக்கிப் பார்த்துட்டுச் சொல்றேனுங்க" என்றார். லேத்தில் கடைந்து வைத்திருந்த இரண்டு அடைப்பான்களை வாய்களில் பொருத்திக் கிளாம்ப் போட்டார். ஒன்றில் ட்யூப் வால்வு இருந்தது. 15 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, பஞ்சர் கடையில் செய்வதுபோல அப்படியே தண்ணீரில் அமுக்கினார். கல் அடித்த இடத்தில் ஒரு குமிழிகூட வரவில்லை. சூடான காற்று நுழையும் பக்கத்தில், பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பில், ஒரு சாண் நீளத்துக்குக் கடுகு கடுகாகக் குமிழிகள் கிளம்பின.

இதை வீட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிச் செய்யலாம். ஆனால் பிவிசி மூடியை வைத்துக் காற்றடிக்காதீர்கள். காற்றழுத்தத்தில் பிவிசி துண்டு துண்டாகச் சிதறும். எந்த அடைப்பானாக இருந்தாலும் அதற்கு நேர் எதிரே நிற்க வேண்டாம்.

விளிம்பில் கசிந்ததற்குக் காரணம், நைலான் தொட்டியும் அலுமினியமும் ஒரே சூட்டில் வெவ்வேறு அளவு விரிவதுதான். ஒவ்வொரு மேட்டிலும் சூடாகி, ஒவ்வொரு இறக்கத்திலும் ஆறி, இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கின்றன. நடுவில் இருக்கும் ரப்பர் பேக்கிங் சூட்டிலும் எண்ணெயிலும் இறுகிப்போகிறது. கடைக்காரர் தொட்டியின் விளிம்பைக் கவ்விப் பிடித்திருக்கும் அலுமினியப் பற்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, பேக்கிங்கை மாற்றி, மறுபடி மடித்து இறுக்கினார். மறுபடி முக்கியபோது குமிழி இல்லை.

குழாயே ஓட்டையாகியிருந்தால் கதை கடினம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேல் படிந்த ஆக்சைடு தோலோ 2000 டிகிரிக்கு மேலும் உருகாது. தோல் விடாமல் பிடித்திருக்க, உள்ளே உலோகம் தண்ணீராக ஓடிவிடும். ஆர்கன் வெல்டிங்கில் மாறுதிசை மின்சாரம்தான் அந்தத் தோலை உடைக்கிறது. இன்டர்கூலரின் மெல்லிய, எண்ணெய் ஊறிய தகட்டில் அதற்கும் கைதேர்ந்தவர் வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் சூடு காட்டினால் நைலான் 260 டிகிரியிலேயே இளகிவிடும். இரண்டு டியூப் எபாக்சி பசை அவசரத்துக்கு ஊர் கொண்டுவந்து சேர்க்கும், அதற்கு மேல் நான் அதை நம்புவதில்லை.

எங்கள் பேக்கிங் எட்டு மாதம் தாங்கியது. பற்கள் இன்னொரு தடவை மடங்கத் தாங்காது என்று கடைக்காரர் சொன்னதும் புதியது வாங்கிவிட்டேன். டர்போ உடைந்த வண்டி என்றால் பழைய இன்டர்கூலரை எவ்வளவு கழுவியும் மாட்டக் கூடாது. மடிப்புகளுக்குள் சிக்கிய உலோகத் துகள் ஒருநாள் இன்ஜினுக்குள் போகும். வெறும் எண்ணெய் என்றால் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவலாம், காஸ்டிக் சோடா மட்டும் வேண்டாம், அது அலுமினியத்தையே தின்றுவிடும். கழுவியபின் ஒரு சொட்டு மண்ணெண்ணெயும் தங்காமல் உலர வேண்டும்.

புதியதை மாட்டும்போது இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களையும் மாற்றினோம். ஹோஸின் உட்புறத்தை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்தோம். பிசுக்கு இருந்தால் கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் ஏறியதும் ஹோஸ் வழுக்கிக் கழன்றுவிடும். புதிய இன்டர்கூலரின் வாய்களில் தூசிக்காகப் போட்டு வரும் பிளாஸ்டிக் மூடிகளை எடுத்தோம். தம்பி தாளைப் பார்த்துத் துணிகளை எண்ணினான். நான்கும் வந்துவிட்டன.

அடுத்த வாரம் மறுபடி காரவள்ளி. மலைமேல் ஏறியதும் இன்ஜினை நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸுக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது. இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்குத் திரும்பும் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். ஆறிய காபி டம்ளரைப் பிடித்ததுபோல வெதுவெதுப்பாக இருந்தது.