கோலாலம்பூர்க் காற்றில் வில்கட்டை காயுமா?

கோலாலம்பூர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு மரக்கட்டையைப் பத்து வருடம் போட்டு வைத்தாலும் வில் செய்யும் அளவுக்கு அது காயாது. மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைச் சமன் செய்துகொள்ளும், சமனானதும் நின்றுவிடும். அதற்குப் பிறகு எத்தனை வருடம் காத்திருந்தாலும் பயனில்லை. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அந்தக் காற்றில் கட்டையின் ஈரம் 15, 16 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காது. வில்லுக்கு வேண்டியதோ 8 முதல் 10.

அந்த ஐந்தாறு விழுக்காடுதான் வில்லின் தலையெழுத்து. நாணை இழுக்கும்போது வில்லின் முதுகு, அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கம், இழுபடுகிறது. எய்பவரைப் பார்க்கும் வயிற்றுப் பக்கம் நசுங்குகிறது. ஈரமுள்ள நார் நசுங்கினால் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. நாணைக் கழற்றிய பிறகும் வில் வளைந்தே கிடக்கும், அம்பின் வேகம் குறையும். அளவுக்கு மீறிக் காய்ந்தாலோ முதுகு படாரென்று உடையும்.

மரவில் செய்பவர்கள் தேடிப்போகும் மரங்களில் ஒன்று பிளாக் லோகஸ்ட். தாவரவியல் பெயர் ரோபினியா சூடோஅகேசியா. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதி இதன் தாய்மண்; ஹங்கேரியில் காடு காடாக வளர்க்கிறார்கள். அவரைக் குடும்பம்தான், இலையைப் பார்த்தால் அகத்தி ஞாபகம் வரும், கிளையில் ஜோடி ஜோடியாக முள். நம் காடுகளில் இல்லாத மரம் என்பதால் இங்கே கிடைப்பது வெளியூர்ப் பாளம். லோகஸ்ட் என்ற பெயரில் ஹனி லோகஸ்ட் என்ற வேறொரு மரமும் விற்பனைக்கு வரும். கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள்: பிளாக் லோகஸ்டின் வைரம், அதாவது உள்ளே இறுகிய நடுக்கட்டை, மஞ்சள் கலந்த பச்சையில் பளிச்சென்று ஒளிரும். மற்றதில் அவ்வளவு பளிச்சென்ற ஒளி வராது.

காயாத பச்சைக் கட்டையாகவே கிடைத்தால், அதை ரம்பத்தால் அறுப்பதைவிட ஆப்பு வைத்துப் பிளப்பது நல்லது. ஆப்பு நார் போகும் வழியில் போகும். ரம்பம் நாரை வெட்டிக்கொண்டு போகும். வெட்டுப்பட்ட நார் முதுகில் இருந்தால் அங்கேதான் சிம்பு கிளம்பும். பிளந்ததும் முதல் வேலை, இரண்டு முனைகளிலும் மெழுகோ பெயிண்டோ வெள்ளைப் பசையோ தடிப்பாகப் பூசுவது. நாரின் நீளவாக்கில் நீர் ஓடும் வேகம் குறுக்குவாக்கைவிடப் பல மடங்கு அதிகம். பூசாமல் விட்டால் முனை முந்திக் காய்ந்து சுருங்கும், உள்ளே இருக்கும் ஈரக்கட்டை சுருங்க மறுக்கும், நடுவில் வெடிப்பு விழும்.

அடுத்து பட்டையையும் அதன் கீழுள்ள வெளிறிய பகுதியையும் சீவி எடுக்க வேண்டும். வைரத்தைப் பூச்சி எளிதில் தொடாது. இந்த வெளிறிய பகுதியைத் துளைத்து மாவாக்கிவிடும். ரப்பர் கட்டையை வெட்டிய கையோடு மில்லுக்கு அனுப்பி மருந்தேற்றி உலர்த்துவார்களே, அங்கும் இதே பூச்சித் தொல்லைதான் ஒரு காரணம்.

சீவும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். குளிர்நாட்டு மரம் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு அடுக்கு வளர்கிறது: வசந்தத்தில் ஊசித்துளை மாதிரிக் கண்ணுக்கே தெரியும் துளைகள் நிறைந்த மெல்லிய அடுக்கு, கோடையில் கொம்பு போல் இறுகிய அடுக்கு. இருபக்கமும் கைப்பிடி உள்ள சீவுக்கத்தி வசந்த அடுக்கில் நறநறவென்று போகும். கோடை அடுக்கைத் தொட்டதும் சத்தம் அடங்கி, பரப்பு வழவழப்பாக மின்னும். அங்கே நிறுத்திவிட வேண்டும். ஒரே கோடை அடுக்கு முனையிலிருந்து முனை வரை அறுபடாமல் முதுகாக அமைவதுதான் வில்லின் உயிர். நம் காட்டு மரமான மெராந்தியில் இந்த விளையாட்டு கிடையாது. குளிர்காலமே இல்லாத காட்டில் இப்படிப் பளிச்சென்ற ஆண்டு வளையம் எங்கிருந்து வரும்? வெளிப்பட்ட முதுகுக்கும் உடனே ஷெல்லாக் என்ற அரக்கு மெருகைப் பூசிவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் வெடிக்கும்.

மரத்தில் நீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. செல்லின் குழிக்குள் இருப்பது முதலில் வெளியேறும். அதனால் எடை குறையுமே தவிர அளவு மாறாது. ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்குக் கீழே வந்தபின் செல்சுவரோடு ஒட்டிய நீர் வெளியேறத் தொடங்குகிறது. சுருக்கமும் முறுக்கமும் அப்போதுதான் ஆரம்பம். பிளாக் லோகஸ்ட் முழுக்கக் காய்ந்தால் வளையத்தின் போக்கில் 7 விழுக்காடும், நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏறத்தாழ 4.5 விழுக்காடும் சுருங்கும். இந்த ஏற்றத்தாழ்வுதான் கட்டையைக் கோணலாக்குகிறது. கருவாடு மாதிரி வெயிலில் போடாமல், நிழலில், காற்றோட்டத்தில், நேரான பலகையோடு கட்டி வையுங்கள். வில்லின் உருவத்துக்குக் கிட்டத்தட்டச் செதுக்கிவிட்டால் இன்னும் சீக்கிரம் காயும். தடிமன் பாதியானால் காயும் காலம் ஏறக்குறைய கால்பங்காகும்.

15 விழுக்காட்டில் நின்ற கட்டையை 9க்குக் கொண்டுவரப் பெட்டி வேண்டும். 28 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 27 கிராம் நீராவியைத் தாங்கும். நம் காற்றில் அதில் 22 கிராம் ஏற்கெனவே இருக்கிறது. அதே காற்றை 36 டிகிரிக்குச் சூடாக்கினால் தாங்கும் அளவு 42 கிராம் ஆகிவிடும். ஈரப்பதம் 80இலிருந்து ஐம்பதை ஒட்டி இறங்கும். அந்தக் காற்றில் மரம் 9 விழுக்காட்டில் சமனாகும். எட்டே டிகிரி! நீளமான பிளைவுட் பெட்டி, கீழே குண்டு பல்பு, இரு கோடியிலும் ஓட்டை, ஈரப்பதமானி ஒன்று, அவ்வளவுதான். எல்இடி பல்பு போதிய சூடு தராது. பல்பு கட்டைக்குப் பக்கத்தில் வரக்கூடாது, தீப்பிடிக்கும். ஓட்டையை அடைத்தால் வெளியேறிய ஈரம் உள்ளேயே சுற்றும். பச்சைக் கட்டையை நேரே பெட்டியில் வைத்தால் வெடிக்கும் என்பதால் நிழல் உலர்த்தலைத் தாண்டிக் குதிக்க முடியாது.

காய்ந்ததா என்பதைத் தராசு சொல்லும். எடை நாள்கணக்காக மாறாமல் நின்றால் சமனாகிவிட்டது. எத்தனை விழுக்காடு என்று தெரிய வேண்டுமானால் அதே கட்டையின் நடுவிலிருந்து வெட்டிய துண்டை எடைபோட்டு, 103 டிகிரி சூட்டு அடுப்பில் (oven) எடை இறங்குவது நிற்கும் வரை வையுங்கள். 109 கிராம் 100 ஆனால், காய்ந்த எடையைக் கொண்டு கணக்கிட்டால் ஈரம் 9 விழுக்காடு.

வில்லான பிறகும் மரம் காற்றோடு பேசிக்கொண்டுதான் இருக்கும். மெருகும் மெழுகும் ஈரம் ஏறுவதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. ஏர்கோன் அறையில் ஈரப்பதம் 55 அளவில் இருந்தால் வில் பத்தை ஒட்டி நிற்கும், அது போதும். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.