பேரன்டல் கன்ட்ரோல்: தமிழில் எப்படிச் சொல்வது?

போன், டேப், டிவி எதை வாங்கினாலும் செட்டிங்ஸில் பெரும்பாலும் இந்தச் சொல் இருக்கும். பிள்ளை எதைப் பார்க்கலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம், எந்த ஆப்பை இறக்கிக்கொள்ளலாம் என்று பெற்றோர் முன்கூட்டியே அமைத்துவைக்கும் வசதிக்கு இது பொதுப்பெயர். வீட்டில் "லாக் போட்டு வெச்சிருக்கேன்" என்பதோடு முடிந்துவிடும்.

இந்த வசதிக்குச் சட்டமே போட்ட நாடுகளில் ஒன்று அமெரிக்கா. அங்கே 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டப்படி, 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவிகளில் வி-சிப் என்ற சில்லு இருந்தாக வேண்டும். நிகழ்ச்சியோடு வரும் வயதுக் குறியீட்டைப் படித்து, வேண்டாததை அது தடுத்துவிடும். போனிலும் டேபிலும் இதே வேலையைச் செய்யும் கூகுளின் ஃபேமிலி லிங்க் 2017இலும், ஆப்பிளின் ஸ்க்ரீன் டைம் 2018இலும் வந்தன.

கன்ட்ரோல் என்ற சொல்லின் பிறப்புதான் எனக்குப் பிடித்த இடம். பழைய பிரெஞ்சில் அது 'எதிர்ச்சுருள்'. ஒருவர் எழுதும் கணக்குக்கு இன்னொருவர் தனியாக ஒரு நகல் சுருள் வைத்திருந்து, இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பார். அடக்குவது, கட்டுவது எல்லாம் பிறகு ஏறிய பொருள்கள்.

தமிழில் 'பெற்றோர் கட்டுப்பாடு' என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உறுத்தல் உண்டு. விலைக் கட்டுப்பாடு என்றால் விலையைக் கட்டுப்படுத்துவது, போக்குவரத்துக் கட்டுப்பாடு என்றால் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது. அந்த வரிசையில் வைத்தால் பெற்றோர் கட்டுப்பாடு என்பது பெற்றோரைக் கட்டுப்படுத்துவதாகிவிடும்! ஊர் விதிப்பதை ஊர்க் கட்டுப்பாடு என்கிறோமே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் ஊரைவிட்டு ஒதுக்கிவைக்கும் வாடை அடிக்கும் அந்தச் சொல் பிள்ளை வளர்ப்புக்கு எதற்கு?

கண்காணிப்பு? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும், இன்றைய கண்காணிப்புக் கேமராவும் அதில் நிற்கிறார்கள். வேண்டாம்.

நான் எழுதுவது 'பெற்றோர் மேற்பார்வை'. ஆசிரியர் மேற்பார்வை, மருத்துவர் மேற்பார்வை என்று ஏற்கெனவே புழங்கும் அமைப்பு அது. யார் பார்ப்பவர் என்பதில் குழப்பமே வராது.

அக்கா வீட்டில் இரவு எட்டு மணிக்கு டேப் பூட்டிக்கொள்ளும். ஒருநாள் ஒன்பது வயதுப் பையன் கூடுதல் நேரம் கேட்டான். கோரிக்கை அடுப்படியில் இருந்த அக்காவின் போனில் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். காகித விமானம் மடிக்கும் வீடியோ, பாதி மடிப்பில் நின்றிருந்தது. பத்து நிமிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே இருக்கும் தனித்தனி வசதிகளுக்கு 'நேர வரம்பு', 'வயது வடிகட்டி', 'ஆப் அனுமதி' என்று எழுதலாம். 'கட்டுப்பாடு' எந்தப் பொத்தானுக்கும் தேவைப்படாது.